தை மாதத்தில் முளைத்த நெல்

குளிர் நாடுகளில் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஜனவரி மாதத்தில் ஒரு கவலை வரும். டூலிப், டாஃபடில், குரோக்கஸ் போன்ற பூச்செடிகளை அவர்கள் விதை போட்டு வளர்ப்பதில்லை. வெங்காயம் மாதிரி இருக்கும் கிழங்கை இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். அது பனிக்காலம் முழுக்கத் தூங்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் வந்ததும் எழுந்து பூக்கும். ஆனால் சில வருடங்களில் ஜனவரி நடுவிலேயே பத்து நாள் வெதுவெதுப்பாக இருந்துவிடும். கிழங்கு ஏமாந்துபோய் 'வசந்தம் வந்துவிட்டது' என்று தலையை நீட்டும். அடுத்த வாரமே உறைபனி வந்து அந்தத் தலையைக் கருக்கும்.

இது ஏதோ ஒரு தோட்டத்தில் நடக்கும் கூத்து இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 1753-லிருந்து மக்கள் குறித்துவைத்த பூப்புக் கணக்குகளை எடுத்து, 406 வகைச் செடிகளைப் பார்த்தார்கள். 1986-க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், அதற்குப் பிறகு செடிகள் சராசரியாக 26 நாள் முன்னதாகப் பூக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு மாதம்!

சரி, தஞ்சாவூருக்கும் டூலிப்புக்கும் என்ன சம்பந்தம்? இங்கே உறைபனியும் இல்லை, டூலிப்பும் இல்லை. ஆனால் முளைக்கக் கூடாத நேரத்தில் முளைக்கிற ஒன்று இங்கேயும் உண்டு. அதைப் பார்த்துத் தோட்டக்காரர் மாதிரி 'அடடா' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அது நெல்.

வயலிலேயே நாற்றங்கால்

தை மாதம் டெல்டாவில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழியில் மழை குறைந்து பனி ஆரம்பிக்கும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்வார்கள். கவனியுங்கள், பழமொழி பனியைத்தான் சொல்கிறது. ஆவணி, புரட்டாசியில் நட்ட சம்பா அப்போது மஞ்சளாகப் பழுத்து, கதிர் தலை சாய்ந்து நிற்கும். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, மண் இறுகக் காத்திருந்து, அறுவடை மிஷினை இறக்குவார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். இனிமேல் பயிருக்குத் தண்ணீர் தேவையில்லை, வெயில்தான் தேவை.

அந்த நேரத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் என்ன ஆகும்?

பழுத்த கதிர் கனமானது. மழையில் நனைந்தால் இன்னும் கனமாகும். கொஞ்சம் காற்று போதும், பயிர் மொத்தமாகப் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். கதிர் தரையிலும் தண்ணீரிலும் கிடக்கும். மழை விட்டதும் வடிகாலை வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு, ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. இன்னும் இரண்டு நாள் போனால் அது பச்சையாக ஊசி மாதிரி நீளும். செடியில் இருக்கும்போதே, கதிரிலேயே நாற்று!

"முளைச்சிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஆடி மாதத்தில் இதே வார்த்தையைச் சொன்னால் அது சந்தோஷச் செய்தி. தை மாதத்தில் சொன்னால் வீட்டில் யாரும் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார்கள்.

விதையின் தூக்கம்

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த நெல்லிடம் எந்தக் குறையும் இல்லை. பூச்சி தின்னவில்லை, நோய் வரவில்லை, பதராகப் போகவில்லை. நல்ல விளைச்சல், முற்றிய மணி. ஒரு விதை என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகச் செய்திருக்கிறது. செய்த நேரம் மட்டும்தான் தப்பு.

விதைக்குத் தூக்கம் என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் டார்மன்சி என்பார்கள், வேளாண்மைப் புத்தகங்களில் விதை உறக்கம். தாய்ச்செடியில் முற்றிவிட்டாலும், தண்ணீர் கிடைத்தாலும், உடனே முளைக்காமல் சில நாட்களோ வாரங்களோ அடங்கிக் கிடக்கும் குணம். இரண்டு ஹார்மோன்களுக்கு நடுவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி அது. அப்சிசிக் அமிலம் 'தூங்கு' என்று இழுக்கும். ஜிப்பரெல்லின் 'எழுந்திரு' என்று இழுக்கும். நெல் முற்றும்போது முதலாவதின் கை ஓங்கியிருக்கும். நாள் ஆக ஆக அது தளரும். அந்தச் சமயம் ஈரமும் சேர்ந்தால் இரண்டாவது ஜெயித்துவிடும்.

ஜெயித்தவுடன் ஜிப்பரெல்லின் செய்கிற முதல் வேலை, ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கச் சொல்வது. மணிக்குள் இருக்கும் மாவை உடைத்துச் சர்க்கரையாக்கி, முளைக்கு ஊட்டுவது அந்த நொதிதான். நாம் சோறாகச் சாப்பிட வேண்டிய மாவை, கருவில் இருக்கும் குட்டிச் செடி சாப்பிட ஆரம்பித்துவிடுகிறது. அதற்காகத்தானே தாய்ச்செடி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது!

ஒரு உபரிச் செய்தி. இந்த ஜிப்பரெல்லினை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே நெல்தான். ஜப்பானில் நாற்றுகள் அசுரத்தனமாக உயர்ந்து, வெளிறிப்போய், கதிர் பிடிக்காமல் சாகும் ஒரு நோய் இருந்தது. பகானே என்று பெயர், 'முட்டாள் நாற்று' என்று அர்த்தம். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926-ல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். அந்தப் பொருளுக்குத்தான் பின்னால் ஜிப்பரெல்லின் என்று பெயர் வந்தது.

டூலிப்புக்கும் நெல்லுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கிழங்கு ஏமாந்து முளைத்தால் இலை கருகும், அந்த வருடம் பூ சிறுத்துப்போகும். ஆனால் பெரும்பாலும் கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும். அடுத்த வருடம் இன்னொரு தடவை முயற்சி செய்யலாம். நெல்லுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு மணிக்கு ஒரே ஒரு தடவைதான். முளை வெளியே வந்து காய்ந்துவிட்டால், அது விதையாகவும் ஆகாது, அரிசியாகவும் தேறாது. அரைத்தால் நொறுங்கும், நிறம் மாறும், சோறு குழையும்.

தூக்கத்தைக் கெடுத்தது யார்?

காட்டு நெல்லுக்குத் தூக்கம் அதிகம். உதிர்ந்த விதையெல்லாம் ஒரே மழையில் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒரேயடியாகச் செத்துப்போனால் வம்சமே அழிந்துவிடும். அதனால் காட்டுச் செடிகள் ஒன்று இந்த வருடம், ஒன்று அடுத்த வருடம் என்று பிரித்து முளைக்கும். கிட்டத்தட்ட எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காத முதலீட்டாளர் மாதிரி.

விவசாயிக்கு இது ஒத்துவராது. நாற்றங்காலில் விதை தெளித்தால் எல்லாம் ஒரே நாளில் முளைக்க வேண்டும். இப்போதும் டெல்டாவில் விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு இருட்டில் வைப்பார்கள். மறுநாள் சாக்கைப் பிரித்தால் வெதுவெதுவென்று சூடாக இருக்கும். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். ஈரம், சூடு, நெருக்கம்... தை மாத மழையில் படுத்துக்கிடக்கும் பயிருக்குள் இருப்பதும் இதே மூன்றுதான். சாக்குக்குள் விவசாயி வேண்டுமென்று செய்வதை, வயலில் மழை கேட்காமலே செய்துவிடுகிறது.

ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதன் ஒழுங்காக, ஒன்றாக முளைக்கும் விதையாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தான். அதாவது, தூக்கம் குறைந்த விதையைத் தேர்ந்தெடுத்தான். பின்னால் வந்த ஆராய்ச்சி நிலையங்களும் பொதுவாக அதே வழியில்தான் போயின. வருடத்துக்கு இரண்டு போகம், மூன்று போகம் என்று வரும்போது, அறுத்த நெல்லையே அடுத்த போகத்துக்கு விதைக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம் தூங்கும் விதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே ரகத்துக்கு ரகம் தூக்கம் மாறும். சிலவற்றுக்கு அது பெயரளவுக்குத்தான் இருக்கும். சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும். நெல்லின் தூக்கத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-ல் பிரித்துக் காட்டினார்கள். எஸ்டிஆர்4 என்று அதற்குப் பெயர். தூக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி தெரியும் என்றுதான் இதற்கு அர்த்தம். ஆனால் விதைக் கடையில் போய் நின்றால் என்ன கேட்கிறோம்? எத்தனை நாள் வயது, எத்தனை மூட்டை காணும், சன்னமா மோட்டாவா. 'இது எத்தனை நாள் தூங்கும்?' என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளத்துக்கு ரகம் வந்துவிட்டது. டெல்டாவில் பொன்மணி என்று அழைக்கப்படும் சிஆர் 1009 ரகத்தில் சப்-1 என்ற மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். இளம்பயிர் இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் தப்பிக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அது கார்த்திகை வெள்ளத்துக்கான மருந்து. கதிர் பழுத்தபின் வரும் தை மழைக்கு அது எதுவும் செய்யாது.

காலண்டர் சரியாக இருக்கிறது, மழைதான் இல்லை

2021 ஜனவரியை டெல்டாவில் மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்பே 2020 நவம்பரில் நிவர், டிசம்பர் தொடக்கத்தில் புரெவி என்று இரண்டு புயல்களைத் தாண்டி வந்த பயிர் அது. இனிமேல் அறுப்பதுதான் பாக்கி என்று இருந்தபோது, பொங்கல் வாரத்தில் அடைமழை. தமிழ்நாட்டில் ஜனவரி மாதத்துக்கு உரிய சராசரி மழையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் அந்த ஒரே மாதத்தில் கொட்டியது. புது அரிசியில் பொங்கல் வைக்க வேண்டிய நாளில் புது நெல் வயலில் முளைத்துக்கொண்டிருந்தது. அந்த மழைச் சேதத்துக்காக 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ரூ.1,116 கோடி நிவாரணம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

2023-ல் இன்னும் தள்ளி வந்தது. பிப்ரவரி முதல் வாரம், தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு. வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் இலங்கையில் கரையைக் கடக்க, இங்கே டெல்டா முழுக்க மழை. மறுபடியும் சாய்ந்த பயிர், மறுபடியும் முளை. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

குறுவைக்கு வேறு மாதிரி சிக்கல். ஜூனில் தண்ணீர் வந்து நட்டால், அறுவடை சரியாக வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் வாசலில் வந்து நிற்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2017-ல் அக்டோபர் 2 வரை திறக்க முடியவில்லை. 2022-ல் நேர் எதிராக மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் தடவை. அதற்கேற்ப அந்த வருடம் அரசின் நெல் கொள்முதல் பருவமும் அக்டோபர் 1-க்குப் பதில் செப்டம்பர் 1-லேயே தொடங்கியது. தண்ணீர் முன்னால் வந்தால், கொள்முதல் தேதியும் முன்னால் வரலாம் என்று காட்டிய வருடம் அது.

ஆனாலும் 2025 அக்டோபரில் என்ன நடந்தது? குறுவை அமோகமாக விளைந்தது. அறுத்து, மிஷினில் அடித்து, நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவைத்துக் காத்திருந்தார்கள். எடை போடவும், போட்ட மூட்டையை நகர்த்தவும் தாமதம். மழை முந்திக்கொண்டது. இந்தத் தடவை முளைத்தது கதிரில் இல்லை, குவியலில். படுதாவைத் தூக்கினால் பச்சைப் பாய்! வயலில் தப்பித்த நெல் ரோட்டோரத்தில் மாட்டிக்கொண்டது.

காய்ச்சல் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் இடம்

கொள்முதல் நிலையத்தில் கேட்கும் முதல் வார்த்தை 'காய்ச்சல்'. நெல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று அர்த்தம். உலகத்தில் காய்ச்சல் போதவில்லை என்று திருப்பி அனுப்பும் ஒரே இடம் அதுதான்.

"அண்ணே, காய்ச்சல் பத்தலையே. இன்னொரு ரெண்டு வெயில் காட்டிட்டு வாங்க."

"வெயில் எங்க தம்பி இருக்கு? இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்!"

விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த அளவுகள் மத்திய அரசு நிர்ணயிப்பவை. மழை வருடங்களில் மாநில அரசு தளர்வு கேட்கும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுக்கும், ஆய்வு நடக்கும். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரை ஈரப்பதத்துக்கு அனுமதி கிடைத்தது. 2025 அக்டோபரில் 22 சதவீதம் கேட்டார்கள். சிக்கல் என்னவென்றால் மனு, குழு, மாதிரி, அறிக்கை எல்லாவற்றுக்கும் சில வாரங்கள் வேண்டும். ஈரமான குவியலில் நெல் முளைக்க இரண்டு மூன்று நாள் போதும்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான். ஒருவர் 15 மா, அதாவது 5 ஏக்கர் மோட்டா ரகம் சாகுபடி செய்கிறார். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை. மொத்தம் 9,000 கிலோ, 90 குவிண்டால். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் ரூ.2,500. மத்திய அரசின் ஆதரவு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131. ஆக வரவு ரூ.2,25,000. ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வைத்தால், செலவு ரூ.1,50,000. ஆறு மாத உழைப்புக்கு மிச்சம் ரூ.75,000.

இப்போது நெல் முளைத்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. வெளி வியாபாரி வந்து பார்த்துவிட்டு 1,500-க்குக் கேட்கிறார் என்று வைப்போம். வரவு ரூ.1,35,000. லாபம் போய், கையிலிருந்து 15,000 ரூபாய் நஷ்டம். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது. செயின் வைத்த மிஷின்தான் வேண்டும், அதற்கு வாடகை கூட. சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூட. அதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கவனித்துப் பாருங்கள். விளைந்த எடை அதே 9,000 கிலோதான். மாறியது எடை இல்லை, தரம்.

இங்கேதான் இன்சூரன்ஸ் இடிக்கிறது. 2016-லிருந்து நடைமுறையில் இருக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். இழப்பீடு முக்கியமாகப் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்து முடிவாகும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டி அறுத்து, அடித்து, எடை போட்டு, அந்த வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைக் கண்டுபிடிப்பார்கள். தராசுக்கு முளைத்த நெல்லும் நெல்தான்! மகசூல் குறையாவிட்டால் நஷ்டமும் இல்லை என்று ஆகிவிடும்.

அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையில் கெட்டால் அதற்குத் தனி விதி இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் மிஷின் அறுவடையில் அரியைப் பரப்பிக் காயப்போடும் வேலையே கிடையாது. மிஷின் அறுக்கும்போதே அடித்து நெல்லாகக் கொட்டிவிடுகிறது. வயலில் தண்ணீர் தேங்கிச் சேதமானால் தனித்தனி வயலாகப் பார்த்து இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல்லை 2018-ல் நீக்கிவிட்டார்கள். 2026 காரீஃப் பருவத்திலிருந்து மறுபடியும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எட்டு வருடம் கழித்து வந்தாலும், வந்தவரை நல்லது.

கோதுமை விளையும் நாடுகளில் இதே முளைப்புப் பிரச்சினைக்கு ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். மாவைத் தண்ணீரில் கலக்கிச் சூடாக்கி, ஒரு கம்பியை அதில் போட்டு, எத்தனை நொடியில் கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முளை ஆரம்பித்த கோதுமை என்றால் மாவுச்சத்து உடைந்து கூழ் நீர்த்துப்போகும், கம்பி சீக்கிரம் விழும். எவ்வளவு கெட்டது என்பதற்கு ஒரு எண் கிடைக்கும், விலையும் அதற்கேற்பப் படிப்படியாக இறங்கும். நம் கொள்முதல் நிலைய வாசலில் நடப்பது பெரும்பாலும் 'எடுப்போம்' அல்லது 'எடுக்க மாட்டோம்'. நடுவில் படிகள் குறைவு. எடுக்க மாட்டோம் என்ற நெல் முழுவதும் வியாபாரி சொன்ன விலைக்குப் போகிறது.

முத்துப்பேட்டையில் இது குற்றமில்லை

இதே டெல்டாவின் கடலோரத்துக்குப் போனால் கதை தலைகீழ். திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நிற்கும் அலையாத்தி மரத்தின் விதை, மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிட்டுவிடும். தோல் மட்டும் மூடியிருக்கும். வடக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னை இன்னும் ஒரு படி மேலே. முளை வெளியே வந்து, பச்சைக் குச்சி மாதிரி கிளையில் தொங்கும். பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி வேர் விடும்.

உப்புத் தண்ணீரும் அலையும் இருக்கும் இடத்தில் விதை தூங்கினால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தாய்மரம் குழந்தையைத் தன் மடியிலேயே வளர்த்து அனுப்புகிறது. காவிரியின் கடைசித் துளியைக் குடிக்கும் காட்டில் மரத்திலேயே முளைப்பது பிழைக்கும் வழி. அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, அதே ஆற்றுத் தண்ணீரில் விளைந்த நெல் கதிரிலேயே முளைத்தால் குடும்பத்தின் கடன் ஒரு வருடம் நீள்கிறது. முளைப்பது என்பது தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. யார் எந்த நேரத்தில் அதற்குத் தயாராக இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

என்னதான் செய்வது?

சில சின்ன வழிகள் இருக்கின்றன. ஆந்திராவில் கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்களில் இதே பிரச்சினை உண்டு. மழையில் சாய்ந்த பயிருக்கு, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு என்று கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். உப்பு, மணிக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும், முளை தாமதமாகும். முழுத் தீர்வு இல்லை, ஆனால் மூன்று நாள் அவகாசம் கிடைத்தாலே லாபம். சாய்ந்த பயிரை நாலைந்து தூர்களாகச் சேர்த்துத் தூக்கிக் கட்டினால் கதிர் தண்ணீரை விட்டு மேலே வரும். ஆள் கிடைத்தால்தான் அது நடக்கும். மழைக்கு முன்பே வடிகால் வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருந்தால், முக்கால்வாசிச் சேதம் அங்கேயே குறையும்.

பெரிய வழிகள் தனி ஆளின் கையில் இல்லை. கொள்முதல் நிலையங்களில் கூரையும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். வானிலை மையம் மழை என்று சொன்ன நாளிலேயே ஈரப்பதத் தளர்வு தானாக அமலுக்கு வர வேண்டும், மழை விட்டபின் குழு வரக் காத்திருக்கக் கூடாது. காப்பீட்டில் எடையோடு தரத்தையும் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், புது ரகம் வெளியிடும்போது அதன் தூக்க நாட்களையும் விதைப் பையில் அச்சடிக்கலாம். 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறை இதே டெல்டாவில்தான் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான்!

லண்டன் தோட்டக்காரருக்கு முன்னதாக முளைத்த கிழங்கு ஒரு எச்சரிக்கை. பருவம் நகர்கிறது என்று அது சொல்கிறது. தஞ்சாவூரில் முளைத்த நெல்லும் அதையேதான் சொல்கிறது, ஆனால் அதைக் கேட்பதற்கான விலையை ஒரே ஒரு ஆள் கட்டுகிறார். அணைக்கு ஒரு தேதி, கொள்முதலுக்கு ஒரு தேதி, இன்சூரன்ஸுக்கு ஒரு தேதி, கூட்டுறவு வங்கியில் கடன் கட்ட ஒரு தேதி. இந்தத் தேதிகள் எல்லாமே 'விதை அதுவரை தூங்கும்' என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. விதையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

முளைத்த நெல்லை என்ன செய்வார்கள் தெரியுமா? முளை அதிகம் இல்லாததைக் காயவைத்துப் புடைத்து, கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள். மிச்சம் மாட்டுக்கும் கோழிக்கும். அப்படியே ஒரு ஓரமாக, மழைக்கு முன்பே மேட்டு வயலில் அறுத்த நாலு மூட்டை நல்ல நெல்லைத் தனியாக எடுத்து, நன்றாகக் காயவைத்து, சாக்கில் கட்டி, ஈரம் படாத மூலையில் வைப்பார்கள். வைக்கும்போது வீட்டில் யாராவது சின்னப் பிள்ளைகள் மேலே ஏறி விளையாடினால், ஒரு அதட்டல் விழும்.

"டேய், எறங்குடா. அது விதை நெல்லு, தூங்கட்டும்!"

ஆடி வரைக்கும் அது தூங்க வேண்டும்.